குளிர் தாங்கும் மல்லி

ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு செடி வாங்கத் தெரியவில்லை. குண்டுமல்லித் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நர்சரியை விட்டு நகர மாட்டேன் என்று நின்றார்.

"பால்கனி எந்தப் பக்கம்?" என்றாள் நர்சரிக்காரி.

"வடக்கு."

"வெயில்?"

"எட்டிப் பாத்துட்டுப் போயிடும். குளிர்காலத்துல வாளித் தண்ணியே உறைஞ்சிடும்."

"அப்போ இது பொழைக்காது. வெயில் கேக்குற செடி. இந்த மஞ்சள் மல்லியை எடுத்துட்டுப் போங்க. இலை கொட்டின குச்சியிலகூடப் பூக்கும். வாசனைதான் கிடையாது."

"மல்லிக்கு வாசனை இல்லையா!" என்று சண்டைக்கே போய்விட்டார். அவருக்கு வேண்டியதே வாசனைதான். போன வருஷம் வந்த காய்ச்சலில் மனைவிக்கு மோப்பம் போய்விட்டது. ரொட்டிக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவள், இப்போது கடிகாரத்தைப் பார்த்துத்தான் ரொட்டியை வெளியே எடுக்கிறாள். "ஏதாவது வருதா?" என்று தினமும் கேட்பார். "கொஞ்சம் கொஞ்சமா வருதுங்க" என்பாள். அந்தக் கொஞ்சத்திலேயே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மல்லியை மோந்தால் மிச்சமும் திரும்பிவிடும் என்பது அவராகக் கண்டுபிடித்த வைத்தியம்.

கண்ணெதிரே செடி சாவதைவிட, மனைவி பூவையாவது பார்க்கட்டும் என்று மஞ்சளையே வாங்கி வந்தார். மணக்காது என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்து, கொடியைக் கம்பியில் கட்டி, மாப்பிள்ளை மாதிரி கவனித்தார்.

கடுங்குளிரில் ஒரு காலை. "என்னங்க, ஓடி வாங்க!"

சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினார். வெறும் குச்சியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. அவள் கண்ணை மூடி, பூவில் முகத்தைப் புதைத்து, மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"அப்பா, என்ன வாசனை! வீடே தூக்குது!"

அவருக்குப் பகீரென்றது. இது பொய்யென்றால், இத்தனை நாள் சொன்ன கொஞ்சம் கொஞ்சமும் பொய்தான். ஆமாம் என்று தலையாட்டிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் அவள் ஆயுசுக்கும் இப்படி நடிக்க வேண்டியிருக்கும். அதை அவரால் தாங்க முடியாது.

"ஏம்மா, இது வாசனையே இல்லாத ஜாதி."

"மல்லிதானே?"

"மல்லிதான். ஆனா மணக்காது. குளிர் தாங்கும்னு வாங்கினேன்."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். "நீங்க கேக்குறப்போ உங்க முகத்தைப் பாத்து இல்லன்னு சொல்ல முடியலைங்க."

"ஒண்ணுமே வரலையா?"

"ஒண்ணுமே."

அவருக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. கேட்டுக் கேட்டே அவளைப் பொய் சொல்ல வைத்த தன் வாயை நினைத்தால்தான் எரிச்சலாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என் மேல ஏதாவது நாத்தம் அடிக்குதாங்க? எனக்கே தெரியாதில்ல? அந்தப் பயத்துல ரெண்டு வேளையும் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிக்கிறேன்."

ஒரு வருஷமாக இதைத் தனியாகவே சுமந்திருக்கிறாள். அவர் அவள் கழுத்தோரம் குனிந்து மோந்தார்.

"சோப்பு."

"அப்புறம்?"

"சோப்பு மட்டும்தான். இனிமே இவ்வளவு தேய்க்காதம்மா. உன் வாசனையை நானும் ஒரு வருஷமாத் தேடிட்டிருக்கேன்."