சொந்த மைதானம்

மஞ்சள் நாற்காலிகளின் மேல் நீலத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கம் முழுக்க மூடியாகிவிட்டது; கிழக்கே இன்னும் நாலு வரிசை பாக்கி. புல்வெட்டும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு சோலைமுத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மஞ்சள் வெயிலில் வருடாவருடம் வெளுத்ததை ஒன்பது வருடமாகப் பார்த்தவன் அவன். மஞ்சள் என்பது இந்தச் சிற்றூர் கிளப்பின் நிறம். இரண்டாம் டிவிஷனில் ஆடுகிற கிளப். மேட்ச் நாளில் பிளாஸ்கில் டீயோடு வரும் நாற்பது ஐம்பது அரபிக் கிழவர்களும், கேட் திறந்திருந்தால் பக்கத்து ஒர்க்‌ஷாப் பெங்காலிகளும் சேர்ந்தால் முந்நூறு பேர் தேறும். நீலம் நகரத்துக் கிளப்பின் நிறம். அவர்களுடைய பழைய ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். இரண்டு வருடமாகுமாம். அதுவரை அறுபது கிலோமீட்டர் தள்ளி, மணல்மேடுகளையும் ஒட்டகப் பண்ணைகளையும் தாண்டி வந்து, இங்கேதான் அவர்களுக்கு ஆட்டம். வாசலில் பெரிய பேனர் வைத்திருந்தார்கள். 'எங்கள் வீட்டுக்கு நல்வரவு' என்று எழுதியிருப்பதாக ஃபோர்மேன் சொன்னான்.

வீட்டுக்காரர்களான மஞ்சள் கிளப்பை ஸ்டேடியத்துக்குப் பின்னாலிருந்த செயற்கைப் புல் மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சோலைமுத்துவையும் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் இங்கே புல்வெட்டு, மதியத்துக்கு மேல் அங்கே பிளாஸ்டிக் புல்லைப் பெருக்குகிற வேலை. பெருக்க மட்டும்தான் முடியும். அது வளராது, பழுக்காது, தண்ணீருக்கு ஏங்காது.

நகரத்துக் கிளப் தன்னோடு ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தது. அருள்முருகன். கமுதிப் பக்கத்துக்காரன். சோலைமுத்துவுக்கு அபிராமம்; நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. முதல் நாளே, "நம்ம ஊர்க்காரவுகளா, நல்லதாப் போச்சுண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். முப்பத்திரண்டு வயது. நீலச் சட்டையில் பெயர் தைத்திருந்தது, கீழே சூப்பர்வைசர் என்று. சோலைமுத்துவின் சட்டையில் கம்பெனி பெயர் மட்டும்தான் உண்டு. அருள்முருகன் நல்லவனாக இருந்ததுதான் பெரிய தொந்தரவு. திட்டுகிறவனாக, தலைக்கனம் பிடித்தவனாக இருந்திருந்தால் ரூமில் உட்கார்ந்து நாலு பேரிடம் புலம்பியிருக்கலாம். இவனோ டீ வாங்கினால் இரண்டாக வாங்கினான். தேரா கடைத்தெருவுக்குப் போய்வந்தால் அண்ணனுக்கென்று காராச்சேவு கொண்டுவந்தான். சோலைமுத்து அதை வாங்கி வைத்துக்கொள்வான், தின்ன மாட்டான். ரூமில் மற்றவர்கள் தின்று தீர்ப்பார்கள்.

அக்டோபரில் குளிர்காலப் புல் விதைத்தார்கள். அருள்முருகன் டிராக்டரில் கட்டி இழுக்கிற மெஷினை வரவழைத்திருந்தான். சோலைமுத்து வழக்கமாகக் கையால் தூவி, மூன்று நாள் முதுகு ஒடிந்து செய்கிற வேலை. மெஷின் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டது. பத்தாம் நாள் புல் சீராக முளைத்து நின்றபோது, தான் கையால் தூவும்போது விழும் திட்டுகள் இதில் இல்லை என்பதை அவன்தான் முதலில் கண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஊரிலிருந்து மனைவி ஜோதிமணி வீடியோ காலில் வந்தாள்.

"ஏங்க, ஒரு வீடியோ வந்துச்சு, பாப்பா காட்டுனா. ஒங்க கிரவுண்டுதான? பின்னாடி அந்த மஞ்சப் பள்ளிவாசல் தெரியுது."

"என்ன வீடியோ?"

"நீலச்சட்டை போட்ட தம்பி ஒண்ணு புல்லப் பத்திப் பேசுது. நம்ம பக்கத்துத் தம்பியாம்ல. நல்லா இங்கிலீசு பேசுறாப்ல. லட்சம் பேரு பாத்துருக்காக." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஒரு எடத்துல நீங்களும் வாரீக. காலு மட்டும். ஹோஸ இழுத்துக்கிட்டுப் போறீகள்ல, அந்தச் செருப்ப வச்சுக் கண்டுபுடிச்சேன்."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். காலை மட்டும் கண்டே புருஷனை அடையாளம் தெரிந்துகொண்ட சந்தோஷம் அது. அவனுக்கு அது வேறு மாதிரி இறங்கியது. போனை வைத்த பிறகு அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தான். நாற்பது நொடி. அருள்முருகன் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் புல்லைத் தடவிக்கொண்டே பேசுகிறான். தடவுகிற விதம் சரியாக இருந்தது. நுனிக்கு எதிராகத் தடவி ஈரம் பார்க்கிறான். தெரியாதவன் அப்படித் தடவ மாட்டான். அதைத்தான் சோலைமுத்துவால் தாங்க முடியவில்லை. மூன்று தடவை பார்த்தான். லட்சத்தில் அந்த மூன்றும் சேர்ந்திருக்கும்.

அந்த மைதானத்தில் ஒரு ரகசியம் இருந்தது. வடக்கு கோல் போஸ்டுக்கு முன்னால், பெனால்டி பெட்டியின் வலது மூலையில், மண்ணுக்கு அடியில் ஒரு வால்வு முழுசாக மூடாது. மேலே தண்ணீர் நின்ற பிறகும் கீழே கசிந்துகொண்டே இருக்கும். மேலுக்குப் பச்சையாக, கெட்டியாகத் தெரியும். ஓடிவந்து திரும்பினால் மண் வழுக்கிக்கொண்டு போகும். மேட்ச் நாளில் மதியம் பன்னிரண்டுக்குள் போஸ்டுக்குப் பின்னாலுள்ள குழாய்ப் பெட்டியைத் திறந்து, இரும்புச் சாவியால் அந்த லைனை அடைத்துவிட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஒன்பது வருடமாக அவன் அடைத்திருக்கிறான். எழுதி வைத்ததில்லை. கேட்டவர்களும் இல்லை. இதுவரை நடந்த இரண்டு ஆட்டங்களிலும், பழக்கத்தில், கை தானாகப் போய் அடைத்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் வேலை முறையை மாற்றினார்கள். தண்ணீர் திறப்பதும் நிறுத்துவதும் இனி போன் வழியாக, அருள்முருகன் பொறுப்பு. மேட்ச் நாளில் சோலைமுத்துவுக்குப் பின் மைதானத்தில் மட்டும் டூட்டி.

முதல் நாள் சாயங்காலம் அருள்முருகன் வந்து பக்கத்தில் குத்தவைத்தான். "அண்ணே, நாளைக்குப் பெரிய மேட்ச்சு. இந்தக் கிரவுண்டப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற எதுவும் இருக்கா?"

சோலைமுத்து பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். "எல்லாந்தான் ஒன் போன்லயே இருக்குல்ல."

அருள்முருகன் அதை வேடிக்கையென்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு சோலைமுத்து பின் மைதானத்தில் இருந்தான். இரும்புச் சாவி பேன்ட் பையில் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. எடுத்து வந்தது ஏன் என்று அவனுக்கே தெரியாது. ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஒருத்தன் வழுக்கினால் என்ன, ஆட்டத்தில் வழுக்காதவன் யார் என்று மனசுக்குள் ஒருவன் பேசினான். வழுக்கினால் அந்த நீலச்சட்டைக்காரனை நிற்க வைத்துக் கேட்பார்கள், அப்போது தெரியும் புல் யாருடையது என்று இன்னொருவன் பேசினான். மூன்றரைக்குத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஸ்டேடியத்தின் வடக்கு கேட்டுக்கு நடந்தான். அடைக்கத்தான் போனான். அதை எந்தச் சாமி முன்னாலும் அவனால் சொல்ல முடியும்.

கேட்டில் புது செக்யூரிட்டி இந்தியில் அட்டை கேட்டான். "கார்ட் கிதர் ஹே?"

"மே இதர் கா ஆத்மி. கிராஸ் வாலா." இங்கத்த ஆள், புல்லுக்காரன் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான்.

லிஸ்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெயர் இல்லையென்று அந்த ஆள் தலையை ஆட்டினான். "நாம் நஹி ஹே, பாய்."

ஒன்பது வருடத்தில் அந்த கேட்டில் அவனை யாரும் பெயர் கேட்டதில்லை. உள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டு அருள்முருகன் ஓடிவந்தான். வியர்த்துப் போயிருந்தான். "அண்ணே, ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினான். "ஃபோர்மேன்கிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு ஒங்களுக்கு டூட்டி கெடையாது. மேல போயி ஒக்காந்து பாருங்க. நம்ம புல்ல மேல இருந்து பாக்கணும்ணே."

நம்ம புல்லு. சாவி பையில் இருந்தது. ஆள் எதிரில் நின்றான். ஆட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அடைத்து, மேலே மணல் தூவினால் ஓரளவுக்கு ஒப்பேறும். இரண்டு வாக்கியம் போதும். சோலைமுத்து டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "சரிப்பா" என்றான்.

மேலிருந்து அவன் அந்த மைதானத்தைப் பார்த்ததே இல்லை. கிழக்கு வரிசையில் நீலத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்து இப்போதுதான் பார்த்தான். வெளிர்ப் பச்சையும் கரும்பச்சையுமாகப் பட்டை பட்டையாக, மடித்து வைத்த பட்டுப் போலக் கிடந்தது. விளக்குகள் எரிந்ததும் இன்னும் அழகானது. காலையில் அவன்தான் வெட்டினான். வண்டியில் உட்கார்ந்தவனுக்கு முன்னால் இரண்டு முழப் புல்தான் தெரியும். நகரத்திலிருந்து கார் ஓட்டி வந்து, தூரத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டிருந்த இரண்டு மலையாளிகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்கூட மைதானத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு போனில் படம் எடுத்தார்கள். ஒன்பது வருடம் கூடவே இருந்தவனுக்குக் காட்டாத முகத்தை அது வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது அவனுக்கு.

முதல் பாதி முழுக்க ஆட்டம் தெற்குப் பக்கமே நடந்தது. அவன் பந்தைப் பார்க்கவில்லை. வடக்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதியில் நீலக்காரர்கள் வடக்கே தாக்கினார்கள். யாராவது அந்த மூலைக்குப் போகும்போதெல்லாம் அவன் கால் கட்டைவிரல் செருப்புக்குள் மடங்கியது. எண்பத்தைந்தாவது நிமிடம் அது நடந்தது. வழுக்கியவன் நீல அணிக்காரன் இல்லை. எதிரணியின் தடுப்பாட்டக்காரன், உயரமான ஆப்பிரிக்க ஆள், பந்தைத் தட்டிவிடத் திரும்பினான். வலது கால் நின்ற இடத்தில் நிற்காமல் தனியாகப் போயிற்று. விழுந்தான். அவனைத் தாண்டிப் பந்தை எடுத்தவன் சும்மா தள்ளினான். கோல்.

மலையாளிகள் எழுந்து குதித்தார்கள். ஒருவன் சோலைமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விழுந்தவன் எழவில்லை. முழங்காலைப் பிடித்தபடி கிடந்து, பிறகு இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வெளியே போனான். நீலக்காரர்கள் ஜெயித்தார்கள். இந்த ஸ்டேடியம் ராசியானது, மூன்றுக்கு மூன்று, புதியது கட்டி முடிந்தாலும் இங்கேயே ஆடலாம் என்று மலையாளிகள் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். நீலத் துணி இனி கழலாது என்று சோலைமுத்துவுக்குத் தோன்றியது. அதை இங்கேயே நிலைக்க வைத்ததில் தன் கையும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அருள்முருகன் கீழேயிருந்து கையசைத்துக் கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "மேனேஜர் கை குடுத்தாருண்ணே. நான் சொன்னேன், இதுல பாதி வேல எங்க அண்ணன் வேலன்னு." சத்தியமாகச் சொல்லியிருப்பான். "வடக்குல ஒரு எடத்துல பள்ளமாயிருச்சு. நீங்க கொஞ்சம் மண்ணப் போடுங்க, நான் கொடியெல்லாம் எடுத்துட்டு வந்துர்றேன்."

சோலைமுத்து மணல் வாளியோடு போய் மண்டியிட்டான். ஒரு முழ நீளத்துக்குப் புல் தோலோடு உரிந்து சுருண்டிருந்தது. அடியில் மண் குழைந்து கிடந்தது. மணலை அள்ளினான். பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினான். அந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரன். முழங்காலில் ஐஸ் கட்டி, கக்கத்தில் ஊன்றுகோலோடு வந்து நின்றான். அவர்கள் பஸ் இன்னும் கிளம்பவில்லை போலிருக்கிறது. சோலைமுத்து எழுந்திருக்கப் பார்த்தான். அவன் வேண்டாமென்று கைகாட்டிவிட்டு, காலை நீட்டி மெல்லப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். உரிந்த புல்லைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அதைப் பழைய இடத்தில் வைத்து, குழந்தைக்குப் போர்த்துவது போல அழுத்தினான்.

"மை மிஸ்டேக்," என்றான். நெஞ்சில் தட்டிக்காட்டினான். "கிராஸ் குட். வெரி குட்." சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். வெளிர்ப் பச்சை, கரும்பச்சைப் பட்டைகள் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கோடி வரை ஓடின. பிறகு சோலைமுத்துவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான். "யூ? திஸ் கிராஸ், யுவர் கிராஸ்?"

ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. மணல் விரலிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. சோலைமுத்துவின் கை தானாக உயர்ந்தது. அது தன் நெஞ்சுக்குப் போகிறதா, மைதானத்தின் அந்தக் கோடிக்கு நீள்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. தூரத்து மூலையில் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த அருள்முருகன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கையிலிருந்த கொடியைத் தலைக்கு மேலே உயர்த்தி ஆட்டினான்.