ஒன்பது நாள் சத்து மாத்திரை

மருந்து விற்கிறவர் சொல்வதில் பாதியை நம்பினாலே அதிகம் என்பது தெய்வநாயகியின் இருபது வருஷப் பண்ணை அனுபவம். ராசிபுரத்துக்கு மேற்கே அவளும் கணவரும் நடத்தும் முட்டைக்கோழிப் பண்ணை. வாரம் ஒருத்தர் தோளில் பையோடு வந்து, எல்லாச் சீக்கையும் தீர்க்கும் புட்டி ஒன்றை நீட்டுவார். அவளும் மோர் கொடுத்து அனுப்பிவிடுவாள். கோழி சோர்ந்தால் தண்ணீர்த் தொட்டியில் மருந்து விடுவாள். பழையபடி தீவனம் எடுக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் விட்டால் மருந்து முட்டையில் இறங்கும், ஏற்றின லோடு திரும்பி வரும்.

இப்படிப்பட்டவள் வீட்டில்தான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை வந்து சேர்ந்தது.

தை மாதத்திலிருந்தே அவள் கணவர் மாதேஸ்வரன் சரியில்லை. கோழி ஷெட்டுப் பக்கம் போவதில்லை. சொன்னால்தான் குளிப்பார். தட்டில் போட்ட சோற்றை ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் பாரம் குறையும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். மறுநாளே அவரைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் மனநல டாக்டர் அறிவுச்செல்வியிடம் கூட்டிப்போய்விட்டாள்.

மனச்சோர்வு என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், முதலில் குமட்டும், தூக்கம் கெடும், குணமான பிறகும் ஆறு மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார். நோய் தீரும்வரை கொடு, தீர்ந்த பிறகும் கொடு என்றால் அது விற்கிறவர் பேச்சு இல்லாமல் வேறென்ன என்று தெய்வநாயகி அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

சொன்னபடியே குமட்டியது, தூக்கம் கெட்டது. அவள் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் ஒருநாள் காலையில் மாதேஸ்வரன் தானாக எழுந்து ஷெட்டுக்குப் போய், தீவனம் சிந்திக் கிடப்பதற்காக ஆட்களைச் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்படியில் நின்றபடியே அழுதாள் அவள். கண்ணைத் துடைத்த கையோடு அடுத்த யோசனையும் வந்துவிட்டது. தீவனம் எடுத்தாயிற்று, இனி மருந்து எதற்கு?

வாரம் முடிந்ததும் மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டு, தனக்கு முன்பு வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த வெள்ளைச் சத்து மாத்திரையை அவர் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். சொல்லவில்லை. சொன்னால் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவார்.

மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது என்றார். முகத்தைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோல இருக்கிறது என்றார். பிறகு தொட்டதற்கெல்லாம் கோபம், காரணமில்லாத கண்ணீர். ஒன்பதாம் நாள் ஷெட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது திரும்பி வந்துருச்சு புள்ள. மாத்திரை தின்னும் வந்துருச்சுன்னா, இனி எனக்கு வழியில்ல."

தெய்வநாயகி பயந்துதான் போனாள். ஆனால் சந்தேகம் அதைவிடப் பெரிதாக எழுந்தது. சாராயத்தை விட்டவனுக்குக் கை நடுங்குவதுபோல, நல்ல மனுஷனை இந்த மருந்துக்கு அடிமையாக்கிவிட்டார்கள். அவருக்குத் துணையாகத் தன் தம்பியை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள், டாக்டரிடம் சண்டை போடத்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. அடிமையாக்குகிற பொருள் என்றால் அதற்காக மனசு அலையும், நாளுக்கு நாள் கூடுதலாகக் கேட்கும்; மாதேஸ்வரன் அப்படிக் கேட்டாரா என்றார். கேட்கவில்லைதான். பிறகு ஒரு காகிதத்தில் இரண்டு நரம்பின் நுனியை வரைந்து, நடுவே சின்ன இடைவெளி விட்டார். ஒரு நரம்பு செரட்டோனின் என்ற ரசாயனத்தை அந்த இடைவெளியில் விட்டுச் சேதி சொல்லும். சொன்னதும் தானே அதை உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கும், அதனால் ரசாயனம் கொஞ்சம் அதிக நேரம் அங்கே நிற்கும்.

"அது எத்தன நாள்லீங்க நடக்கும்?"

"மொத நாளே நடந்துரும்."

"அப்பறம் எதுக்குங்க ஒரு மாசம்?"

மூளை அந்த மாற்றத்துக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்ள நாளாகிறது, நரம்புகளுக்கு இடையே புதுத் தொடர்புகள் வளர்வதாகவும் ஆராய்ச்சியில் சொல்கிறார்கள் என்றார் டாக்டர். அப்படிப் பழகிய மூளையிலிருந்து மருந்தைச் சட்டென்று பிடுங்கினால் தலை சுற்றும், கரண்ட் அடிக்கும். அதனால்தான் நிறுத்தும்போது அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

"பழகுனதாலதான் கொணமாச்சுங்களா?"

"அதுதான் முழுசாத் தெரியாதும்மா. நெறைய பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்ல. எப்படிங்கறதுல பாதிதான் புரிஞ்சிருக்கு."

தெய்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தர்கூடத் தன் புட்டியைப் பற்றித் தெரியாது என்று சொன்னதில்லை. போடக் கொண்டுவந்த சண்டை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

இன்றைக்கே மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டும், முதலில் பாதி அளவில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாதேஸ்வரனைத் தனியாக விடக்கூடாது, நாளைக்குக் கூட்டிவர வேண்டும் என்றார். எழுந்தவளை நிறுத்தி, நடந்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். மருந்து சாப்பிட்டும் பலனில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அந்த நினைப்புத்தான் ஆபத்து.

பஸ்ஸில் உட்கார்ந்து அவள் யோசித்த பொய்கள் கொஞ்சமல்ல. மாத்திரை பழசாகிவிட்டது என்று சொல்லலாம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம். ராசிபுரம் வந்தபோது ஒரு பொய்யும் மிச்சமில்லை.

தம்பியைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு, நின்றபடியே சொல்லி முடித்தாள். மாதேஸ்வரன் விரல்விட்டு எண்ணினார்.

"ஒம்பது நாளாக் குடுத்தது சத்து மாத்திரையா?"

"ஆமாங்க."

"அப்ப அது தானாத் திரும்பி வரல?"

"மாத்திரைய விட்டதுதான் காரணமா இருக்கும்னாங்க."

அவர் மூச்சை மெல்ல விட்டார். கையை நீட்டினார், அவளுக்காக அல்ல, மாத்திரை அட்டைக்காக. பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். டாக்டர் எழுதிய சீட்டோடு ஒத்துப் பார்த்தார். பாதியை அவரே உடைத்துக்கொண்டார்.

"இனி இது எங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சொம்புக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் குடித்தார். தெய்வநாயகி அவர் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.