சம்பந்தம் விசாரிக்க வந்தவர்

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அப்பா கேட்டார். நான் எண்ணவில்லை. "சரி, இன்னொண்ணு வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். பிறகு சாப்பிட்டார். பருப்பு குழைந்துவிட்டது என்றார். கிதிர்ப்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். கல்கத்தா துறைமுக அலுவலகத்தில் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டார் என்று மத்தியானம் ஃபோன் வந்தது. அம்மாவும் நானும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது 2003 ஜனவரி.

காரியங்கள் முடிந்ததும் அம்மாவின் அண்ணா ஜெய்ராம் மாமா எங்களைத் தாம்பரத்துக்குக் கூப்பிட்டார். அவர் வீட்டு மாடி காலியாக இருந்தது. நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். இந்த ஊரில் இனி உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள். மாமா ரயிலேறிய பிறகு என்னிடம் சொன்னாள்: கல்யாணமாகி வந்து இறங்கியது இந்த ஊரில்தான், அப்பாவோடு இருந்ததெல்லாம் இங்கேதான், உனக்கு ஒரு வேலை கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் ஜூன் மாதம் காலி செய்துகொண்டு போவோம். எனக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். தாம்பரத்தில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச்சில் ஸால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் என்னைத் தேர்வு செய்தார்கள். வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் காகிதங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஆனால் வெரிஃபிகேஷன் முடிந்த பிறகுதான் ஆர்டர் கையில் வரும் என்றார்கள். யாராவது வீட்டுக்கு வந்து விலாசத்தைச் சரிபார்ப்பார்கள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கையில் வரும் வரை ஒருவரிடமும் மூச்சுவிடாதே என்றாள். அந்த வருஷம் அவளுக்குக் கண்திருஷ்டி பயம் அதிகமாகியிருந்தது. அதனால் கீழ்வீட்டு சுந்தரவல்லி மாமிக்குக்கூட நாங்கள் சொல்லவில்லை.

லேக் கார்டன்ஸில் நாங்கள் இருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் மாமியும் சீதாராமன் மாமாவும் இருந்தார்கள். மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வங்காளிகளே திரும்பிப் பார்க்கும்படி வங்காளம் பேசுவார். மாமியின் வங்காளம் காய்கறிக்காரரிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் கற்றது. அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டியிருந்தாள்.

நாங்கள் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் விசாரிக்கிறவர் வந்தார். ஒல்லியான, வழுக்கை விழுந்த மனிதர். பெயர் அசித் தத்தா. மாடி பூட்டியிருந்ததால் கீழே மாமியின் கதவைத் தட்டினார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். தத்தா பாபு மரியாதையாகக் கைகூப்பி, "மேக்னா மஹாதேவனேர் ஷொம்பந்தே கொஞ்ஜ் நிதே எஷேச்சி, மாஷிமா" என்றார். மேக்னா மகாதேவனைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன், பெரியம்மா என்று அர்த்தம்; மேக்னா நான்தான். வங்காளத்தில் 'ஷொம்பந்தே' என்றால் 'பற்றி', அவ்வளவுதான். மாமியின் காதில் விழுந்தது மேக்னாவும் சம்பந்தமும். மாமிக்குத் தெரிந்த சம்பந்தம் ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் நாங்கள் படியேறுவதற்குள் மாமி வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் கேசரிக் கிண்ணம்.

"அனந்தம், ஒன் பொண்ணுக்கு எடம் வந்திருக்கு. பெங்காலிதான். இருக்கட்டுமே. மீன் திங்கறவாள்ளாம் மனுஷா இல்லையா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்தவர் எப்படி இருந்தார் என்று மாமியைக் கேட்டேன்.

"கழுத்துல நாடா கட்டி ஒரு அட்டை தொங்கவிட்டுண்டிருந்தார். பையனோட ஆஃபீஸ்காரரை அனுப்பியிருக்கா போலிருக்குன்னு நெனச்சேன். நம்மாத்துக்கு வந்துட்டு என்ன பவ்யம்! தண்ணி குடுத்தா எழுந்து நின்னு வாங்கிக்கறார்."

என்னவெல்லாம் கேட்டார் என்றேன். மாமி உற்சாகமாகச் சொன்னாள். பெண்ணுக்கு என்ன வயது என்றாராம், இருபது என்றாளாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு. "ரெண்டு வயசு குறைச்சுச் சொல்றது ஒலகத்துல இல்லாத வழக்கமா" என்று என்னையே கேட்டாள். பெண் இதற்குமுன் எங்காவது வேலை செய்தாளா என்றாராம். வேலையெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு, தாலி ஏறின மறுநாள் விட்டுவிடுவாள் என்றாளாம். போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறார். அதில் மாமிக்குப் 'போலீஸ்' மட்டும் புரிந்திருக்கிறது.

"அவாத்துல யாரும் போலீஸ்ல இல்லை, எல்லாரும் சென்ட்ரல் கவர்மெண்ட்னேன். சரியாத்தானே சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இது வேலைக்கான விசாரணை, கல்யாணத்துக்கு இல்லை என்று சொன்னேன். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. கேசரிக் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு சொல்லிட்டேண்டி."

"என்ன மாமி?"

"அப்பா என்ன பண்றார்னு கேட்டார். அப்பா இல்லாத பொண்ணுன்னா கால் வாங்கிடுவாளோன்னு... டூர்ல இருக்கார்னு சொல்லிட்டேன்."

பாலிகஞ்ச் போகும் லோக்கல் வண்டி ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. அம்மா கத்தப் போகிறாள், அல்லது அழப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா மாமியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"எந்த ஊருக்கு மாமி?"

"விசாகப்பட்டினம். அங்கேயும் ஹார்பர் இருக்கில்லையா."

அம்மா தலையை ஆட்டினாள். அப்பா போன பிறகு அன்றுதான் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைப் பார்த்தேன். கேசரியை எடுத்து எனக்குக் கொஞ்சம் கொடுத்து, தானும் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, நான் எழுதிக்கொடுத்ததற்கும் அக்கம்பக்கத்தில் சொன்னதற்கும் மூன்று இடங்களில் பொருந்தவில்லை என்றார்கள். வயது போகட்டும், சான்றிதழ் இருக்கிறது. சீக்கிரமே வேலையை விட்டுவிடுவேன் என்பதும் போகட்டும். தந்தை காலமானார் என்று எழுதியிருக்கிறாய், அவர் வெளியூர் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே, இதில் எது பொய் என்று அந்த அதிகாரிப் பெண் கேட்டாள். மரணச் சான்றிதழைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கடுமையானவள் அல்ல. நம்புகிறேன், ஆனால் நான் நம்பினால் போதாது, விசாரணை ஏஜென்ஸி மறுபடி போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்றாள். இரண்டாம் முறையும் சரிவராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். அம்மா தாம்பரத்து மாமாவுக்குச் சரி என்று சொல்லவேண்டியதுதான்.

தத்தா பாபு மறுபடி வந்தபோது சீதாராமன் மாமா விழித்திருந்தார். நானே மொழிபெயர்க்கிறேன் என்று முன்வந்தார். தத்தா பாபு தயங்கினார். முதலில் பேசியது மாஷிமாதான், அதனால் மாஷிமாவே சொன்னால் நல்லது என்றார். மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அம்மாவும் நானும் கதவோரம் நின்றோம்.

அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, இந்தப் பெண்ணின் அப்பா எங்கே என்று மட்டும் கேட்டார்.

மாமியால் உடனே சொல்ல முடியவில்லை. அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொண்டாள். அப்பா இறந்துவிட்டார் என்ற வார்த்தையை மட்டும் அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. 'அன்னிக்கு' என்பாள், 'அதுக்கப்புறம்' என்பாள். இப்போது அதை வேற்று மொழியில், வேற்று மனிதரிடம் சொல்லவேண்டியிருந்தது. மாமாவைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்திருந்தார்.

"உனி நேய்" என்றாள் கடைசியில். அவர் இல்லை.

தத்தா பாபு பேனாவைப் பைக்குள் வைத்தார். பிறகு, இந்தப் பெண்ணை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கலாமா, இது ஒன்று மட்டும் நான் கேட்டாகவேண்டும் என்றார். மாமா தமிழில் சொன்னார். மாமிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நாங்க காசிக்குப் போனப்போ ஆத்துச் சாவி யார்கிட்ட இருந்துதாம்? இவகிட்டதான். பீரோ சாவியும் சேத்து. இதப் போய் ஒரு கேள்வின்னு கேக்கறாரே, சொல்லுங்கோ அவர்கிட்ட."

மாமா சொன்னார், கோபத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். தத்தா பாபு எழுந்து அம்மாவிடம் வந்து, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசினார்.

"பௌதி, நான் வாசல் வாசலாகப் போய் மனிதர்களைப் பற்றிக் கேட்கிறவன். கதவைத் திறந்தவுடன் குறை சொல்வார்கள். வாடகை பாக்கி என்பார்கள், பையன் குடிப்பான் என்பார்கள். இந்த வீட்டில் பொய் சொன்னார்கள், அதுவும் இவள் நன்றாக இருக்கவேண்டும் என்று. இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுதிவிடுவேன்."

என்ன எழுதினார் என்று நான் பார்த்ததில்லை. மே மாதம் ஆர்டர் வந்தது. அம்மா அன்றே தாம்பரத்து மாமாவுக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்று சொன்னாள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் தத்தா பாபுவை அலுவலக வாசலில் பார்த்தேன். வேறு யாருடைய காகிதங்களோ அவர் கையில் இருந்தன. நன்றி சொன்னேன். மாஷிமாவின் கேசரி எப்படி இருக்கும் என்று கேட்டார்; அன்று சமையலறையிலிருந்து வாசனை வந்ததாம், கிளம்பும் அவசரத்தில் யாரும் கொடுக்கவில்லையாம். அடுத்த நாள் ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா போன அந்த வருஷத்தை நினைத்தால் முதலில் எனக்கு நன்றிதான் வருகிறது, துக்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. அதை யாரிடம் சொன்னாலும் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். மார்ச் மாதத்தில் சில நாட்கள், கல்கத்தாவில் ஏதோ ஓர் ஏஜென்ஸியின் மேஜையில், என் அப்பா சாகவில்லை. பெட்டியோடு விசாகப்பட்டினம் போயிருந்தார், வேலை முடிந்ததும் திரும்பி வருவார் என்றிருந்தது. அதை மாமியைத் தவிர வேறு யாரும் எனக்குக் கொடுத்திருக்க முடியாது.

வேலையில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இடையில் கம்பெனி பெயர் மாற்றிக்கொண்டது. மறுபடி எல்லோரையும் விசாரித்தார்கள். இந்த முறை வந்தவன் சின்னப் பையன், எதுவும் கேட்கவில்லை, விலாசம் சரியா என்று மட்டும் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. மாடியில் நாங்கள், கீழே மாமி.