சிரிப்பக்கா சிரிக்காத காட்சி

"சிரிக்க மாட்டேன்னா மாட்டேன்! அந்தக் கண்றாவிக்கு எவளாவது சிரிச்சா சிரிக்கட்டும்!"

"சிரிக்கிறதுக்குத்தானேடி உனக்குச் சம்பளமே!"

இரண்டாம் மாடியில் சத்தம் கிளம்பியதும் எதிர்வீட்டு ஏழாம் நம்பர்க்காரி தன் டிவியை அணைத்தாள். இது அதைவிட நன்றாக இருந்தது.

கத்தியவள் சிரிப்பக்கா. டிவியில் வாராவாரம் வரும் புருஷன் பெண்டாட்டி காமெடித் தொடருக்குச் சிரிப்பதுதான் அவள் உத்தியோகம். படப்பிடிப்பில் பெஞ்சு போட்டு ஒரு கூட்டத்தை உட்காரவைத்திருப்பார்கள். முதலில் அவள் சிரிப்பாள். அவள் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். தொடரில் மனைவி என்றால் கத்துவாள், கணவன் என்றால் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் முழிப்பான். அதற்கெல்லாம் குறையில்லாமல் சிரித்தவள்தான். அன்றைக்குக் கணவன் வேஷக்காரர் மனைவியின் பாவாடையைத் துவைத்துப் பிழியும்போது நண்பர்கள் வந்துவிட, முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார். சிரிப்பக்கா வாயைத் திறக்கவில்லை. பெஞ்சே ஊமையாகிவிட்டது. நாளைக்கும் இப்படி என்றால் வேலை கிடையாது என்று டைரக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் வேலைபார்த்த தொழிற்சாலை மூடி நாளாயிற்று. வாடகையெல்லாம் அவள் சிரிப்பில்தான் போனது. சமையலும் துவையலும் அவர் பாடு.

"அது நடிப்புடி. அந்த ஆளைப் பாத்துச் சிரிச்சா என்ன கொறைஞ்சிடுவே?"

"அப்போ நீங்க ஏன் என் துணியை ரூமுக்குள்ளயே காயப்போடுறீங்க? மொட்டைமாடியில வெயில் அடிக்கலையா? ஈர நாத்தம் தாங்கல. பெஞ்சுல பக்கத்துல உக்கார்றவ மூக்கைச் சுளிக்கிறா."

உள்ளே வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஏழாம் நம்பர்க்காரி காதைக் கதவில் இன்னும் அழுத்திப் பார்த்தாள். ம்ஹும்.

மறுநாள் காலை அவர் வாளியோடு மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கே பெண்கள் கூட்டம்.

"என்னண்ணே, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் ஏழாம் நம்பர்க்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அவ வேலைக்குப் போயிருக்கா." அவர் காது சிவந்திருந்தது. பாவாடையை உதறிக் கொடியின் நடுவில் விரித்தார். "காத்து தூக்குது. க்ளிப்பு இருந்தா ரெண்டு குடும்மா."

கொடுத்தாள். கேட்ட பிறகு கொடுக்காமல் என்ன செய்வாள்?

படப்பிடிப்பில் டைரக்டர் அதே காட்சியை மறுபடி எடுத்தார். சிரிப்பக்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இருமுவதுபோலச் சிரித்தார்கள். கடைசியில் டைரக்டரே இறங்கிவந்தார். "சரிம்மா, இதுக்கு வேணாம். மத்ததுக்காவது சிரிச்சுத் தொலை." வேலை தப்பியது.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று மாடியே உட்கார்ந்து பார்த்தது. பாவாடை ஒளிந்ததும் கணீரென்று ஒரு சிரிப்பு. அவளுடையதேதான். என்றைக்கோ பதிந்ததை எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

"நான் சிரிக்கலைங்க! சத்தியமா!"

"தெரியும்டி. நெசமா சிரிச்சா உனக்கு மூக்குலதானே சத்தம் வரும்."

 அவள் மூக்கில் ஒரு சத்தம் கிளம்பி மாடி முழுக்கக் கேட்டது.

அடுத்த வருடம் அவருக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை கிடைத்து, அவர்கள் அந்தப் பக்கமே குடிபோனார்கள். சிரிப்பு வேலையை அவள் விட்டுவிட்டாள். ஏழாம் நம்பர்க்காரியின் மகளுக்கும் கல்யாணமாயிற்று. மருமகன் துணி துவைப்பார் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்கிறாள். தொடர் இன்னும் ஓடுகிறது. நடிகரை மாற்றிவிட்டார்கள், பெஞ்சைக்கூட எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்கும் சிரிப்பு மட்டும் அவளுடையது.