சத்தமில்லாத மடிக்கணினி

பார்வையற்ற மாணவிகளுக்காக டீச்சர் வீட்டிலேயே பாடங்களை வாசித்துப் பதிவு செய்வாள். அவர்கள் எந்நேரமும் போனில் கேட்கும்படி, பழைய மடிக்கணினி ஒன்று மேசையடியில் ஓயாமல் ஓடியது. அதன் ஹார்ட் டிஸ்க் போட்ட கரகர சத்தமும் அவள் குரலோடு பதிவானது. அதை நகர்த்தி வைக்க வேறு அறையும் இல்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நாத்தனார் ஒரு ஞாயிறு வந்து, பாடங்களையும் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்தாள்.

"ஐயோ, உயிரையே உருவிட்டியே!" என்று பதறினாள் டீச்சர்.

"பயப்படாதீங்க அண்ணி. இனி பென் டிரைவ்லேருந்தே ஓடும். லேசான வேலைதான், சூடாகாது, ஃபேனும் சுத்தாது."

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. டீச்சர் குனிந்து காதை வைத்துப் பார்த்தாள். மூச்சுப் பேச்சில்லை.

மறுநாள் புதுப் பாடத்தைக் கேட்ட ஒரு மாணவி அழைத்தாள். "டீச்சர், நீங்க பக்கம் புரட்டுறதுகூட கேக்குது. பக்கத்துலயே உக்காந்து சொல்லித்தர்ற மாதிரி இருக்கு."

டீச்சர் உடனே நாத்தனாருக்குப் போன் போட்டு, அந்தப் பெண் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி."

"போங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.