எட்டுப் பேர் நிற்கும் மூலை

மதியம் இரண்டு மணிக்குள் ஓரின் ட்வேட் தம் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவிக்க வேண்டும். அறிவித்தால் முன்னணி வேட்பாளர் தாம் ஜனாதிபதியானால் தமது அமைச்சரவையில் அவருக்கு விவசாயத் துறையைத் தருவார். பதினோரு மாதங்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பனியிலும் சேற்றிலும் அலைந்த முன்னாள் கவர்னருக்கு, கட்சிக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட ஆதரவாக இல்லை. அது அவருக்கு வலிக்கவும் இல்லை. மரத்துப்போன கால் போல மனது கூடவே வந்துகொண்டிருந்தது.

"அறிக்கை ரெடி. படிச்சாப் போதும்," என்றாள் பெக். அவருடைய பிரசாரத்தை நடத்துபவள்.

"அதுக்கு முன்னாடி ஆர்லீன்கிட்ட நேர்ல சொல்லிடணும்."

அந்தச் சிற்றூரில் அவருக்காக ஆள் சேர்ப்பவள் ஆர்லீன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அன்று சாயங்காலம் கட்சிக்காரர்கள் பள்ளி ஜிம்மில் கூடி, வேட்பாளருக்கு ஒரு மூலையாகப் பிரிந்து நின்று ஆதரவைக் காட்டுவார்கள். அதற்காக ஒரு மூலையில் அவர் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் பெக்கோடு போய் விஷயத்தைச் சொன்னார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீங்க ஜெயிப்பீங்கன்னு நாங்க நம்பிட்டு இருக்கோம்னு நெனச்சீங்களா, கவர்னர்?"

"இல்லையா?"

"ஐயோ பாவம்! அறுபது பேர் வருவாங்க. ஒரு மூலை நிலைக்கணும்னா ஒன்பது பேர் வேணும். நாங்க எட்டு. எங்க மூலை கலைஞ்சிடும், அது எங்களுக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?"

"கலைஞ்ச பிறகு மத்த மூலைக்காரங்க எங்களைத் தங்க பக்கம் கூப்பிட வருவாங்க. எட்டுப் பேரும் ஒண்ணா நிப்போம். 'எங்க ஆஸ்பத்திரியை மறுபடி தொறக்கணும்னு தீர்மானம் போடுங்க, அப்பத்தான் வருவோம்'னு சொல்லுவோம். எங்க எட்டுல ஒருத்தன், என் தம்பி ஹார்லன், வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் சுத்திகரிக்க எழுபது மைல் போறான். நீங்க இப்பவே விலகிட்டா எட்டுப் பேரும் வாசல்லயே ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சிடுவோம். ஒத்தை ஆள் பேச்சை யார் கேப்பா?"

தாம் தோற்பதால்கூட யாருக்காவது பயன் உண்டு என்பது ஓரினுக்குத் தோன்றியதே இல்லை. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களிலும் தேவன் வேலை கொடுக்காமல் விடுவதில்லை. சில சமயம் அது சும்மா நின்றுகொண்டிருக்கும் வேலையாக இருக்கும்.

"பெக், ஏழு மணிக் கூட்டம் முடியட்டும். அப்புறம் விலகுறேன்."

"அவங்க ரெண்டு மணிக்கு மேல காத்திருக்க மாட்டாங்க, ஓரின். அமைச்சர் பதவி போச்சு!"

"தெரியும்."

"டீவிக்காரங்க உங்களுக்குப் பதவி வெறின்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

வருத்தம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை, சந்தோஷமும் இல்லை. பெக் அவரை முறைத்தாள். பிறகு கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டாள்.

"ஆர்லீன், உன் தம்பியால அவ்வளவு நேரம் நிக்க முடியுமா?"

"முடியாது."

பெக் மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்தாள். ஓரின் அதன் மறுபக்கத்தைப் பிடித்தார்.