தலை வெட்டிய படங்கள்

தம்பியைப் பெட்டிக்குள் வைத்து, ஆணியடித்துத்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். அட்டை ஆலையின் உருளை அவனை உள்ளே இழுத்துக்கொண்டதாம். "திறக்க வேண்டாம்மா, பாக்கிற மாதிரி இல்ல" என்று மேஸ்திரி அக்காவின் காதில் மட்டும் சொன்னார். அம்மா கடைசியாக ஒரு தடவை மகன் முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. வேலை அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது. அக்கா அதை நீட்டியதும் அம்மா தட்டிவிட்டாள்.

"இது யாரோ களவாணிப்பய. என் புள்ள சிரிச்ச மூஞ்சிய எடுத்துக் குடுடி. நீதான் எந்நேரமும் போனும் கையுமா அவன் பின்னாடியே சுத்துவியே!"

சுற்றினாள்தான். சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வந்த கையோடு போனைத் தூக்கிவிடுவாள். மற்றவர்கள் மூக்கைப் பிடிக்கிற இடமெல்லாம் அவளுக்கு அழகு. துரு வழிந்த சுவர், பஸ் சீட்டின் கிழிசல், சாக்கடையில் மிதக்கும் எண்ணெயின் நிறம், எதையும் விடமாட்டாள். போனிலேயே கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டுப்படம் செய்வாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சாக்கடையை அவள் படத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. நடுவில் நிறுத்த ஆள் வேண்டுமென்றால் தம்பி இருந்தான். ஆனால் முதல் வேலையாக அவன் தலையை வெட்டிவிடுவாள். முகம் இருந்தால் பார்க்கிறவன் கண் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும், சுவரைச் சீந்தமாட்டான் என்பது அவள் வைத்த சட்டம்.

"என் தலைமேல உனக்கு என்னக்கா அப்படி ஒரு கடுப்பு?" என்று அவன் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது தேடினாள். போனில் இடம் போதாதென்று, படம் முடிந்ததும் அடுக்கிய லேயர்களை ஒரே படமாக்கிவிட்டு எடுத்த போட்டோவை அழித்துவிடுவாளே, பாவி! தோள் இருந்தது, பிடரி இருந்தது, சட்டை மடித்த முழங்கை இருந்தது. முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. பெட்டியைத் தூக்க ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

கடைசியில், போன வாரம் எடுத்து இன்னும் முடிக்காத படம் ஒன்று அகப்பட்டது. தலையை இன்னும் வெட்டவில்லை, மேலே சுவரை வைத்து மறைத்திருந்தாள், அவ்வளவுதான். லேயர்கள் தனித்தனியாகவே கிடந்தன. கொடியில் காயும் துணியை நீக்கினாள். சுவரை நீக்கினாள். அடியில் தோளில் வெயிலோடு தம்பி முழுசாக நின்றான்.

சிரிக்கவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. கண் நேராக அவளைப் பார்த்துக் கெஞ்சியது. அந்தத் தோளின் வெயிலை ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியவள், இந்தக் கண்ணை இன்றைக்குத்தான் பார்த்தாள். போனைக் கவிழ்த்துவிடலாமா என்று நினைப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, என் ராசா! இவன்தான்டி, இவனேதான்."

திரையைத் தடவினாள், முத்தம் கொடுத்தாள். அப்புறம் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

"என்னமோ சொல்றானே. என்னடி சொன்னான்?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அந்த மிஷினப் பாத்தாலே பயமா இருக்குக்கா, வேலைய விட்டுடவான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அசையாம நில்லுடா, வெளிச்சம் போயிடும்னு சொன்னேம்மா."